வீட்டுக்காரர் கடிதம் தந்த உடனே பெட்டி கட்டாதேங்கோ: ரொறன்ரோவுக்குப் புதுசா வந்தவைக்கு

கேள்வி:
வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து வந்து எட்டு மாதம். மனிசி, நாலு வயசுப் பிள்ளை, நான். ஸ்காபரோவில ஒரு பேஸ்மென்ற்றில இருக்கிறம். வீட்டுக்காரரும் எங்கட ஆக்கள்தான். நேற்று ஒரு படிவம் கொண்டுவந்து, "தங்கச்சி குடும்பம் ஊரில இருந்து வருது, மாத முடிவில வீடு வேணும், இதில ஒரு கையெழுத்து வையுங்கோ" எண்டார். நாளைக்குத் தாறன் எண்டு வாங்கி வைச்சிட்டன். லோயரிட்டப் போனா மணித்தியாலத்துக்கு நூற்றுக்கணக்கில கேப்பினமாம். நான் வெயார்ஹவுஸில கூப்பிடுற நாளுக்கு மட்டும் போற வேலை. என்ன செய்யலாம்?

பதில்:
தம்பி, கையெழுத்து வைக்காதேங்கோ. மற்றதெல்லாம் பிறகு.

நான் சட்டத்தரணி இல்லை. வந்து பதினாலு வருசம். தமிழ் ஆக்களுக்கு மொழிபெயர்க்க அங்க இங்க போய் வாறதில கொஞ்சம் படிச்சது. அதைவிட, நீங்கள் இப்ப நிக்கிற இடத்தில நானும் நிண்டனான். வந்து முதல் வருசம், வீட்டுக்காரர் இப்பிடித்தான் ஒரு தாளை நீட்டினார். "சும்மா ஒரு ஃபோர்மாலிற்றி பிள்ளை" எண்டார். நானும் வயசில மூத்தவர் எண்டு மரியாதைக்கு வைச்சன். அது என்-11 எண்ட படிவம். "ரெண்டு பேரும் சம்மதிச்சு வாடகையை முடிக்கிறம்" எண்டதுதான் அதின்ர பொருள். அந்தாள் அதை வைச்சு, எனக்கு விசாரணை ஒண்டும் இல்லாமலே வெளியேற்ற உத்தரவு எடுத்திட்டார். உத்தரவு வந்து பத்து நாளுக்குள்ள அதை எதிர்த்து மனுப் போட்டிருக்கலாம். எனக்கு அது தெரிய வந்தது, சாமானெல்லாம் சித்தப்பாவின்ர கராஜில அடுக்கின பிறகு.

அதால உங்கட தாளின்ர தலைப்பைப் பாருங்கோ. என்-11 எண்டு இருந்தா மேல சொன்னதுதான். என்-12 எண்டு இருந்தா, "எனக்கோ என்ர குடும்பத்துக்கோ வீடு வேணும்" எண்டு வீட்டுக்காரர் தாற அறிவித்தல். அதுக்கு உங்கட கையெழுத்தே தேவையில்லை. கையெழுத்துக் கேக்கிறார் எண்டபடியால் உங்கட கையில இருக்கிறது என்-11 எண்டுதான் நினைக்கிறன்.

அவர் சொல்லுற காரணமும் சரியில்லை. என்-12 குடுக்கிறதெண்டா வீட்டுக்குள்ள வரப்போறது வீட்டுக்காரர், அவரின்ர மனிசி, பிள்ளை, தாய் தகப்பன், மனிசியின்ர பிள்ளை அல்லது தாய் தகப்பன், இல்லாட்டி இவையில ஒருத்தரைப் பராமரிக்க வாறவர். தங்கச்சி அந்தப் பட்டியலில இல்லை. எங்கட சனத்துக்கு இது விளங்காது, தங்கச்சியை விட நெருங்கின உறவு எது எண்டு சண்டைக்கு வருவினம்! சட்டம் அப்பிடித்தான். சரியான ஆள் வாறதெண்டாலும் குறைஞ்சது 60 நாள் தரோணும். ஒரு வருச ஒப்பந்தம் போட்டிருந்தா அது முடியும் வரைக்கும் எழுப்பேலாது. பொதுவா ஒரு மாத வாடகையும் நட்டஈடாத் தரோணும்.

இன்னொண்டு. அறிவித்தல் எண்டது உத்தரவு இல்லை. நீங்கள் போகாட்டி, வீட்டுக்காரர் லான்ட்லோர்ட் அண்ட் ரெனன்ற் போர்ட் எண்ட தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கோணும், விசாரணை நடக்கோணும், உத்தரவு வரோணும். அதுக்குப் பிறகும் உங்களை வெளியில விடக்கூடியது ஷெரிஃப் எண்ட நீதிமன்ற அதிகாரி ஒராள்தான். வீட்டுக்காரர் தானே பூட்டை மாத்தினா அது குற்றம். ஆனா இந்த நேரத்தில வாடகையை மட்டும் நிப்பாட்டாதேங்கோ. கோவத்தில நிப்பாட்டினா அவருக்கு இல்லாத காரணத்தை நீங்களே எடுத்துக் குடுத்த மாதிரி.

இனி லோயர் காசு. ஒன்ராறியோவில கொம்யூனிற்றி லீகல் கிளினிக் எண்டு மாகாணம் முழுக்க இருக்கு. வருமானம் குறைஞ்சவைக்கு இலவசம். அங்க இருக்கிறவை சம்பளத்துக்கு வேலை செய்யிற சட்டத்தரணிகள், வாடகை, வெல்ஃபெயர், ஓடிஎஸ்பி (மாற்றுத்திறனாளிகளுக்கு மாகாணம் தாற உதவிப் பணம்) மாதிரி விசயங்கள்தான் அவையின்ர நாளாந்த வேலை. பெரிய கந்தோரில இருக்கிற லோயரை விட இதில கைதேர்ந்தவை. ஒவ்வொரு கிளினிக்குக்கும் தன்ர எல்லை இருக்கு, உங்கட தபால் குறியீட்டைச் சொன்னா எது உங்கட கிளினிக் எண்டு சொல்லுவினம். மாகாணத்தின்ர சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் ஒன்ராறியோவின்ர இலக்கம் 1-800-668-8258. எடுத்து "தமில்" எண்டு சொல்லுங்கோ (அவைக்கு 'ழ' வராது), மொழிபெயர்ப்பாளரை லைனில எடுப்பினம். தெற்காசிய ஆக்களுக்கெண்டே சவுத் ஏசியன் லீகல் கிளினிக் ஒஃப் ஒன்ராறியோவும் ரொறன்ரோவில இருக்கு.

வெக்கப்படாதேங்கோ. "நாங்கள் பிச்சைக்காரரோ" எண்டு என்ர மனுசன் அந்த நேரம் போக விடேல்லை. எங்கட கதை அங்கதான் முடிஞ்சது.

கேள்வி (வேறொருவர்):
அக்கா, நான் ஸ்ருடன்ற். அறை ஒண்டு எடுத்திருக்கிறன். குசினி ஒண்டுதான், வீட்டுக்கார அம்மாவும் அதிலதான் சமைக்கிறா. நானும் போர்ட்டுக்குப் போகலாமோ?

பதில்:
இல்லை தங்கச்சி, இது கனபேர் விழுற கிடங்கு. வீட்டுக்காரர், இல்லாட்டி அவரின்ர துணை, பிள்ளை, தாய் தகப்பன் அந்த வீட்டிலயே இருந்து, உங்களோட குசினியையோ குளியலறையையோ பகிரவேணும் எண்டு இருந்தா வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. போர்ட் எடுக்காது. அட்வான்ஸ் காசைத் தராட்டி, சின்னத் தொகை வழக்குகளைப் பாக்கிற ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட் இருக்கு. கிளினிக்கைக் கேளுங்கோ, யூனிவேர்சிற்றி சட்ட மாணவர் நடத்துற இலவசக் கிளினிக்குகளும் இருக்கு. வீடு பாக்கப் போகேக்குள்ள குசினி ஆருக்கு எண்டு கேட்டுப்போட்டு காசு குடுங்கோ.

ஆனா பேஸ்மென்ற் "இல்லீகல்" எண்டா உரிமை இல்லை எண்டு சில வீட்டுக்காரர் வெருட்டுவினம். அது பொய். நகரசபை அனுமதி இல்லாத பேஸ்மென்ற்றில தனிக் குசினி, தனி பாத்ரூமோட இருக்கிறவருக்கும் சட்டம் பொருந்தும். அதே மாதிரி, கடைசி மாத வாடகையை மட்டும்தான் முற்பணமா வாங்கலாம். "டமேஜ் டிப்போசிற்" எண்டு தனியாக் கேக்கிறது சட்டவிரோதம்.

கருத்து (ஒரு ஐயா):
பிள்ளை, நல்லா எழுதுறீர். ஆனா கிளினிக்கில போன் எடுக்க மாட்டினம். நான் மூண்டு தரம் அடிச்சனான். ஒரு பரலீகலுக்கு (லோயர் இல்லை, ஆனா சின்ன வழக்குகள் பாக்க உரிமம் உள்ளவர்) காசைக் குடுத்தா அலுவல் முடியும்.

பதில்:
ஐயா, நீங்கள் சொல்லுறது உண்மை, மறைக்கேல்லை. ஏன் அப்பிடி எண்டா கொஞ்சம் பழைய கதை சொல்லோணும். முதல் கிளினிக் 1971இல பார்க்டேலில திறந்தது, சட்டக் கல்லூரி மாணவரை வைச்சு. அதுக்கு முதல் லீகல் எய்ட் எண்டா பெரும்பாலும் தனியார் லோயருக்கு அரசாங்கம் காசு குடுக்கிற முறை, அதில குடிவாடகைக்காரருக்குப் பெரிசா ஒண்டும் கிடைக்கேல்லை. பிறகு கிளினிக்குகள் பரவினது. 2019இல மாகாண அரசு லீகல் எய்ட் ஒன்ராறியோவுக்கான காசில 133 மில்லியன் டொலரை, கிட்டத்தட்ட 30 வீதத்தை, ஒரே அடியா வெட்டினது. அகதி வழக்குகளுக்கும் மாகாணக் காசு இல்லை எண்டு சொன்னது, பிறகு மத்திய அரசு வந்து அதுக்குப் பணம் போட்டது. பிரச்சினையோட வாற சனம் குறையேல்லை. போனுக்கு அங்கால இருக்கிறவையைத் திட்டி என்ன பிரயோசனம்?

அதால கெட்டித்தனமா அடிக்கோணும். மெசேஜ் விடேக்குள்ள "எனக்கு விசாரணை இந்தத் திகதி" எண்டோ "வெளியேற்ற உத்தரவு வந்திட்டுது" எண்டோ முதல் வசனத்திலயே சொல்லுங்கோ. அவசரமானதை முன்னுக்கு எடுப்பினம். விசாரணை நாளிலயும் ரெனன்ற் டியூற்றி கவுன்சில் எண்டு இலவச சட்ட உதவி இருக்கு. இப்ப விசாரணை பெரும்பாலும் சூமில. அரை மணித்தியாலம் முந்தி உள்ளிட்டு, "டியூற்றி கவுன்சிலோட கதைக்கோணும்" எண்டு கேளுங்கோ, தனி அறைக்கு மாத்திவிடுவினம். லோயர்மார் காசு வாங்காமல் ஆலோசனை சொல்லுற புரோ போனோ ஒன்ராறியோவின்ர இலவச லைனும் இருக்கு: 1-855-255-7256. வேலை, கடன், வீடு எண்டு கேக்கலாம்.

பரலீகல் பிழை எண்டு நான் சொல்லேல்லை. 2007 முதல் அவையும், லோயர்மாருக்கு உரிமம் குடுக்கிற லோ சொசைற்றியின்ர கட்டுப்பாட்டில. ஆனா பெயரை லோ சொசைற்றியின்ர இணையப் பட்டியலில தேடிப் பாத்திட்டுக் குடுங்கோ. கலியாண வீட்டில சந்திச்ச "எல்லாம் செய்து தருவன்" அண்ணையிட்ட இல்லை. கார் இன்சூரன்ஸ், மோர்ட்கேஜ், இமிக்ரேஷன், வாடகை வழக்கு எல்லாத்தையும் ஒராளே பாக்கிறார் எண்டா நான் அந்தப் பக்கம் போகமாட்டன்.

கேள்வி (வேறொருவர்):
ரெஸ்ரோரன்ற்றில ரெண்டு மாதச் சம்பளம் தரேல்லை. கையில காசாத்தான் தந்தவை. இதுக்கும் கிளினிக்கோ?

பதில்:
முதல் தொழில் அமைச்சுக்கு முறைப்பாடு போடுங்கோ. இலவசம், இணையத்தில செய்யலாம், லோயர் தேவையில்லை. ரெண்டு வருசத்துக்குள்ள போடோணும். காசாத் தந்தவை எண்டபடியால் உரிமை போகாது, நிரூபிக்கிறதுதான் பாடு. வேலை நேரம் எழுதின கொப்பி, முதலாளியின்ர வட்ஸ்அப், ஒண்டையும் அழிக்காதேங்கோ. சில கிளினிக் வேலை வழக்கும் எடுக்கும், கேட்டுப் பாருங்கோ.

நாள்க் கணக்கு எண்டு வந்தா இன்னொண்டும்: வெல்ஃபெயரோ ஓடிஎஸ்பியோ வெட்டிக் கடிதம் வந்தா 30 நாளுக்குள்ள மீள்பரிசீலனை கேக்கோணும். கடிதத்தை வாசிக்கப் பயத்தில மேசை லாச்சிக்குள்ள போட்டு வைச்சுத்தான் எங்கட கனபேர் தோக்கிறது.

பதிவிட்ட தம்பி:
அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி தாளைப் பாத்தன். என்-11தான். கையெழுத்து வைக்கேல்லை எண்டு வீட்டுக்காரருக்கு ரெக்ஸ்ற் போட்டன், பதில் இல்லை. கிளினிக்கில மெசேஜ் விட்டன், அடுத்த நாள் திருப்பி எடுத்தவை, தமிழ் ஆளோட. வியாழக்கிழமை பின்னேரம் கதைக்க நேரம் தந்திருக்கினம். என்ன கொண்டு போக?

பதில்:
வாடகை ஒப்பந்தம், என்-11 தாள், இ-ட்ரான்ஸ்ஃபர் அனுப்பின எல்லாப் பக்கத்தின்ரயும் படம், வீட்டுக்காரரோட போன ரெக்ஸ்ற், சம்பளத் துண்டு. காசாக் குடுத்த மாதம் இருந்தா அதுக்கு ரிசீற் எழுதிக் கேளுங்கோ, கேட்டா அவர் தரத்தான் வேணும், அதுக்குக் காசு வாங்கேலாது. மனிசியையும் கூட்டிக்கொண்டு போங்கோ, ஒப்பந்தத்தில அவாவின்ர பெயரும் இருந்தா அவாவும் கையெழுத்து வைக்காமல் இருக்கோணும். அந்தாள் நீங்கள் வேலைக்குப் போன நேரம் பாத்து அவாவிட்டயும் வந்து கேப்பார்.