லியானாவுக்குக் ‘காழ்க்கொடி’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தரையில் வேரூன்றி, மரங்களைப் பற்றிக்கொண்டு உச்சிக்கு ஏறும் கட்டைத்தண்டுக் கொடிதான் லியானா (liana). அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மரக்கொடி என்றதும் மரத்தில் படரும் கொடி என்றுதான் தோன்றும். பாகலும்கூட மரத்தில் படரும். வைரக்கொடி நகையை நினைவூட்டுகிறது. வன்கொடி நல்ல சொல்தான், ஆனால் வேகமாகப் படித்தால் கண் அதை வனக்கொடி ஆக்கிவிடுகிறது.

நான் காழ்க்கொடி என்று சொல்வேன். காழ் என்றால் வயிரம், அதாவது தண்டின் கெட்டியான, உறுதியான பகுதி. உள்ளே வயிரம் உள்ளதை (அகக்காழ்) மரம் என்றும், வெளியே வயிரம் உள்ளதை (புறக்காழ்) புல் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. பனையும் மூங்கிலும் அதனால்தான் புல்.

குருக்கத்தியையே எடுத்துக்கொள்வோம். மாதவி என்கிறோமே, அதுதான். மலைக்காடுகளிலும் ஓடைக்கரைகளிலும் வளரும் நம் மண்ணின் கொடி. வெள்ளை இதழ்கள் ஐந்தில் ஒன்றில் மட்டும் மஞ்சள் தீற்றியிருக்கும். காய்க்கு மூன்று இறக்கைகள், காற்றில் சுழன்று போகும். வேர் தரையில், இலைகள் மர உச்சியில். தண்டுக்குள் கேம்பியம் (புதிய கட்டையை உண்டாக்கும் திசு அடுக்கு) இருப்பதால் அது ஆண்டுதோறும் பருக்கிறது. தாங்கும் வேலையை மரம் பார்த்துக்கொள்கிறது. காழ்க்கொடிகளின் தண்டு ஒல்லியாக இருந்தாலும், நீரை மேலே கொண்டுசெல்லும் சைலக் குழாய்கள் அகலமானவை என்பதால் அவ்வளவு இலைகளுக்கும் நீர் ஏறிவிடும்.

சரி, பிரம்பு? அதுவும் முட்கொக்கிகளால் பற்றிக்கொண்டு காட்டின் உச்சிக்குப் போகிறது. ஆனால் அது பனைக் குடும்பம்; கேம்பியம் இல்லை, தண்டு பருப்பதில்லை, உறுதியெல்லாம் வெளிப்பக்கம். ஆகவே குருக்கத்தி அகக்காழ்க்கொடி, பிரம்பு புறக்காழ்க்கொடி. மற்ற மூன்று சொற்களில் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியே இல்லை. எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்கு இதுதான் காரணம்.

‘காழ் யாருக்குப் புரியும்?’ என்று கேட்கலாம். வயிரம் பாய்ந்த கட்டை என்பது எல்லோருக்கும் தெரியும். பாடநூலில் ஒரு வரி விளக்கம் போதும்.

இன்னொரு தடை கொஞ்சம் கனமானது. பல லியானாக்களில் கட்டை ஒரே திரளாக இருக்காது. நடுநடுவே மென்திசு ஓடும். முறுக்கினால் உடையாமல் கயிறுபோல் வளைவது அதனால்தான். முதிர்ந்த சீந்தில் தண்டைக் குறுக்கே வெட்டினால் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போலத் தெரியும். அதற்குக் காழ் என்று பெயர் தகுமா? தகும் என்பது என் கருத்து. துண்டுதுண்டாக இருந்தாலும் அது கேம்பியம் உள்ளே உண்டாக்கிய கட்டைதான். சீந்திலையும் இதில் சேர்க்கலாமா என்பதில் மட்டும் உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.