வேலைக்கு வரும் வழியில் விபத்து: முதலாளி பொறுப்பா?

கேள்வி:
கடலூர் சிப்காட்டில் சிறிய பட்டறை, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இல்லை. 2025 செப்டம்பரில் பண்ருட்டியிலிருந்து நைட் ஷிப்டுக்கு பைக்கில் வந்த தொழிலாளி விபத்தில் இறந்துவிட்டார். வயது 40, சம்பளம் 18,000. கேட்டுக்கு வெளியே நடந்தது எங்கள் பொறுப்பல்ல என்கிறது இன்சூரன்ஸ். சரியா?

பதில் 1:
அப்படி ஒரேயடியாகத் தட்டிக்கழிக்க முடியாது சார். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை வேலையோடு தொடர்புபட்டால், 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் அடங்கும் என்று 2025 ஜூலையில் தெய்வசாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் ஷிப்ட் பட்டியல், வருகைப் பதிவேடு, எஃப்.ஐ.ஆரில் உள்ள நேரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலும் கேஸ் உடைவது இங்கேதான்.

பதில் 2:
இழப்பீட்டுக் கணக்கு: சம்பளம் 18,000 ஆனாலும் கணக்கில் எடுக்கும் உச்சவரம்பு 15,000. அதில் பாதி 7,500 × 184.17 (40 வயதுக்குச் சட்டம் தரும் காரணி) = 13,81,275 ரூபாய். குடும்பத்தார் கையில் நேரடியாகக் கொடுக்காதீர்கள். மரண வழக்கில் அது இழப்பீடாகக் கணக்கில் வராது, தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் டெபாசிட் செய்ய வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் ஆண்டுக்கு 12% வட்டி. தகுந்த காரணம் இல்லாவிட்டால் 50% வரை அபராதமும் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 1997 தீர்ப்புப்படி வட்டி இன்சூரன்ஸ் தலையில், அபராதம் உங்கள் தலையில்.

பதில் 3:
2025 நவம்பர் 21 அல்லது அதற்குப் பிந்தைய விபத்து என்றால் 1923 சட்டத்துக்குப் பதில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வரும். அதில் பயண விபத்து நேரடியாகவே எழுதப்பட்டிருக்கிறது. பாலிசி புதுப்பிக்கும்போது அந்த வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள்.