புது டெவலப்பர் டூலுக்கு முதல் பயனர்களை எங்கே பிடிப்பது? ஸ்டார் விழுகிறது, கருத்து வரவில்லை

செமிகோலன்:
வணக்கம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் மைக்ரேஷன் ஃபைல்களை (டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளைகள்) படித்து, "இந்த வரி ப்ரொடக்‌ஷனில் டேபிளை லாக் செய்யும்" என்று முன்கூட்டியே எச்சரிக்கும் ஒரு கமாண்ட் லைன் டூல் எழுதியிருக்கிறேன். பைத்தான், ஓப்பன் சோர்ஸ், பிப் வைத்தே இன்ஸ்டால் ஆகும். லிங்க்ட்இன்னிலும் கல்லூரி வாட்ஸாப் குழுவிலும் போட்டேன். "செம மச்சி" என்று பதில் வந்தது. கிட்ஹப்பில் ஸ்டார் விழுகிறது, பைத்தான் பேக்கேஜ் தளமான பைபிஐயில் டவுன்லோட் எண்ணிக்கையும் ஏறுகிறது. ஆனால் பிழையோ கேள்வியோ சொல்லி ஒரு இஷ்யூகூட யாரும் திறக்கவில்லை. பயன்படுத்துகிறார்களா, பார்த்துவிட்டுப் போய்விட்டார்களா என்றே தெரியவில்லை. யூசேஜ் டேட்டாவை எனக்கு அனுப்பும்படி டூலுக்குள்ளேயே எழுதிவிடலாமா என்றும் யோசனை. என்ன செய்யலாம்?

பில்ட்_ஃபெயில்:
டவுன்லோட் எண்ணிக்கையை முதலில் மறந்துவிடுங்கள் ப்ரோ. பைபிஐயில் புதிதாக எது ஏறினாலும் மிரர்களும் (நகல் சர்வர்கள்) பாட்களும் இழுத்துக்கொள்ளும். யாராவது ஒருவர் சிஐயில் (கோட் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் பில்ட், டெஸ்ட்) சேர்த்திருந்தால் ஒவ்வொரு பில்டுக்கும் எண்ணிக்கை ஏறும். ஸ்டாரும் "பிறகு பார்க்கலாம்" என்று மடித்து வைப்பதுதான்.

டிபிஏ_அக்கா:
தம்பி, இது எடிட்டர் மாதிரி தினமும் திறக்கிற டூல் இல்லை. மைக்ரேஷனால் ஒருமுறை சைட் நின்று, இரவு முழுக்க உட்கார்ந்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். உங்கள் வாட்ஸாப் குழுவில் அப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? ஊருக்கெல்லாம் சொல்வதைவிட அந்த அடி பட்டவர்களைத் தேடுங்கள். சைட் ஏன் நின்றது என்று போஸ்ட்மார்ட்டம் எழுதியவர்கள், "ஆல்டர் டேபிள் (டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளை) தொங்கிவிட்டது" என்று கேள்வி கேட்டவர்கள், சில லட்சம் வரிகளைத் தாண்டி டேபிள் வளர்ந்துகொண்டிருக்கும் சின்னக் கம்பெனிகள். பெரிய இடங்களில் இதற்கென்று ஆளும் முறையும் ஏற்கெனவே இருக்கும்.

அவர்களிடம் "டூல் எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே நன்றாக இல்லை என்று நம் ஆட்கள் சொல்லவே மாட்டார்கள். கடைசியாக எந்த மைக்ரேஷன் பிரச்சினை செய்தது, அன்றைக்கு என்ன செய்தீர்கள், இப்போது மெர்ஜுக்கு முன்னால் யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். யாரும் பார்ப்பதில்லை, அதனால் கவலையும் இல்லை என்று பதில் வந்தால் அவர் உங்கள் பயனர் இல்லை. விட்டுவிடுங்கள்.

நான் என்ன பதில் சொல்வேன் தெரியுமா? எங்களை அதிகம் படுத்தியது மணிக்கணக்கில் ஓடும் மைக்ரேஷன் இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிய வேண்டிய ஆல்டர் டேபிள்தான். முன்னால் ஒரு நீண்ட செலக்ட் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை ஆல்டர் காத்திருக்கும். அதற்குப் பின்னால் வரும் சாதாரண குவெரிகள்கூட வரிசையில் நின்றுவிடும். லாக் டைம்அவுட் (லாக்குக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற வரம்பு) வைத்திருந்தால் தப்பிக்கலாம். அது இல்லாத ஃபைலை உங்கள் டூல் பிடிக்குமா? பிடித்தால் நானே நாளைக்குச் சேர்க்கிறேன்.

இன்னொன்று: இதே வேலைக்கு ஸ்க்வாக் இருக்கிறது, ரூபி ஆன் ரெயில்ஸ்காரர்களுக்கு ஸ்ட்ராங் மைக்ரேஷன்ஸ் இருக்கிறது. அவற்றின் இஷ்யூ பக்கங்களில் யார் எதைக் கேட்டுக் கிடைக்காமல் போனார்கள் என்று பாருங்கள். அங்கே போய் உங்கள் விளம்பரத்தை ஒட்டிவிட்டு வராதீர்கள், அது அநாகரிகம்.

வெள்ளி_டெப்ளாய்:
சும்மா பேசுவதைவிட ஓட்டிப் பார்க்கலாம் என்று எங்கள் ஜாங்கோ (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) ப்ராஜெக்டில் இப்போதுதான் போட்டேன். ரீட்மீயில் முதல் கமாண்டே டேட்டாபேஸ் யூஆர்எல் கேட்கிறது. அங்கேயே கை நின்றுவிட்டது. முன்பின் தெரியாத டூலுக்கு ப்ரொடக்‌ஷன் கனெக்‌ஷனை எந்த டீமில் கொடுப்பார்கள்? இஷ்யூ வராததற்கு இதுவே போதும். பயந்தவர் இஷ்யூ எழுதமாட்டார், டேபை மூடிவிடுவார்.

சரி என்று லோக்கலில் காலி டேட்டாபேஸ் கொடுத்தேன். ஜாங்கோவின் மைக்ரேஷன் பைத்தான் ஃபைல், நீங்கள் எதிர்பார்ப்பது எஸ்க்யூஎல். எஸ்க்யூஎல்மைக்ரேட் கமாண்டால் மாற்றிக் கொடுத்த பிறகுதான் ஓடியது. இதை ரீட்மீயில் ஒரு வரி எழுதலாமே. அடுத்து, டீஃபால்ட் ஃபால்ஸ் வைத்து டேபிளில் ஒரு காலம் (நெடுவரிசை) சேர்த்ததற்குச் சிவப்பில் எச்சரிக்கை. போஸ்ட்கிரஸ் 11 முதல், நிலையான டீஃபால்ட் என்றால் டேபிள் திரும்ப எழுதப்படுவதில்லை. ரேண்டம் யூயூஐடி மாதிரி வரிக்கு வரி மாறுகிற டீஃபால்டுக்கு மட்டும்தான் அந்த எச்சரிக்கை நியாயம். இந்த மாதிரி இரண்டு தப்பான எச்சரிக்கை வந்தால் எங்கள் டீம் டூலையே எடுத்துவிடும். டேபிளில் எழுதுவதைத் தடுத்துவிடும், கன்கரன்ட்லி இல்லாத கிரியேட் இண்டெக்ஸைச் சரியாகப் பிடித்தது, அது நன்று.

செமிகோலன்:
அண்ணா, இவ்வளவு நாளாக எனக்குக் கிடைத்த கருத்து இது ஒன்றுதான்! யூஆர்எல் கேட்பது போஸ்ட்கிரஸ் வெர்ஷனையும் டேபிள் அளவையும் தெரிந்துகொள்ளத்தான். வெர்ஷனை ஃபிளாகில் கொடுத்தால் போதும் என்று மாற்றிவிடுகிறேன். அளவு தெரியாவிட்டாலும் பெரும்பாலான ரூல் வேலை செய்யும். அக்கா, லாக் டைம்அவுட் ரூல் இல்லை, எழுதுகிறேன். இதை முடித்ததும் ஹேக்கர் நியூஸில் ஷோ எச்என் (நாம் செய்ததைக் காட்டும் பதிவு) போடலாமா?

பில்ட்_ஃபெயில்:
அவசரப்படாதீர்கள். வருகிறவர் உடனே ஓட்டிப் பார்க்க முடிய வேண்டும், வெறும் மின்னஞ்சல் வாங்கும் பக்கத்தை ஷோ எச்என் ஆகப் போடக் கூடாது, நண்பர்களை ஓட்டுப் போடச் சொல்லவும் கூடாது. இதெல்லாம் அங்கே விதி. இந்த டேட்டாபேஸ் யூஆர்எல்லோடு போயிருந்தால் முதல் கமெண்டே அதைப் பற்றித்தான் இருந்திருக்கும்.

அதற்கு முன்னால் நாலைந்து பேரை நேரில் உட்கார வைத்து நிறுவச் சொல்லுங்கள். ஆன்லைன் பேமென்ட் கம்பெனியான ஸ்ட்ரைப் ஆரம்பித்த காலத்தில், முயன்று பார்க்கிறேன் என்றவருக்கு அதைத் தொடங்கிய கொலிசன் சகோதரர்கள் லிங்க் அனுப்பிவிட்டுப் போகவில்லை, லேப்டாப்பை வாங்கி அங்கேயே அமைத்துக் கொடுத்தார்கள் என்று ஸ்டார்ட்அப் முதலீட்டாளர் பால் கிரகாம் 2013இல் எழுதியிருக்கிறார். சென்னையின் பைத்தான் குழுவான சென்னைப்பை நடத்துவது மாதிரி மாதக் கூட்டங்கள் இதற்கு நல்ல இடம். ஐந்து நிமிடம் பேசக் கிடைத்தாலும் போதும்; பேச்சு முடிந்து காபி குடிக்கும்போதுதான் "எங்களுக்கும் இப்படி ஆச்சு" என்று ஆள் வரும்.

டிபிஏ_அக்கா:
யூசேஜ் டேட்டா பற்றி யாரும் பேசவில்லையே. சொல்லாமல் அனுப்பினால் கதை முடிந்தது. கோ மொழியின் டூல்செயினிலேயே 2023இல் டெலிமெட்ரியை (யூசேஜ் டேட்டா அனுப்புவதை) இயல்பாக ஆன் செய்து வைக்கலாம் என்று முன்மொழிந்தபோது எதிர்ப்புக் கிளம்பி, விரும்பியவர் ஆன் செய்துகொள்ளலாம் என்று மாற்றினார்கள். மைக்ரேஷன் ஃபைலில் டேபிள் பெயர், காலம் பெயர் எல்லாம் இருக்கிறது, எந்த செக்யூரிட்டி டீமும் விடாது. அதற்குப் பதில் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் கீழே "இது தவறா? சொல்லுங்கள்" என்று ஒரு லிங்க் காட்டுங்கள். கிட்ஹப்பில் தலைப்பையும் உள்ளடக்கத்தையும் யூஆர்எல்லிலேயே நிரப்பி இஷ்யூ பக்கத்தைத் திறக்கலாம். ரூல் எண்ணும் போஸ்ட்கிரஸ் வெர்ஷனும் மட்டும் அதில் போகட்டும்.

செமிகோலன்:
இது தோன்றவே இல்லை அக்கா, நன்றி. டெலிமெட்ரி வேண்டாம், லிங்க் வைக்கிறேன். வெள்ளி அண்ணா, வெர்ஷன் ஃபிளாக் வந்ததும் உங்கள் டீமில் யாராவது முதல்முறையாக நிறுவுவதை ஸ்கிரீன் ஷேரில் பார்க்கலாமா?

வெள்ளி_டெப்ளாய்:
தாராளமாக. போன மாதம் சேர்ந்த ஜூனியர் ஒருவர் இருக்கிறார், அவரை உட்கார வைக்கிறேன். ஆனால் அவர் தடுமாறும்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. டேபிள் பெயர்களை மாற்றிவிட்டு எங்கள் பழைய மைக்ரேஷன் ஃபைல்களையும் அனுப்புகிறேன், டெஸ்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.