நாலு மாச லீவு தரமாட்டேங்கறாங்க, ராஜினாமா தவிர வேற வழி இருக்கா?

சிப்காட்_மெர்ச்சு:
ராணிப்பேட்டை சிப்காட்ல ஷூ கம்பெனி, மெர்ச்சண்டைசிங் (பையர் ஆர்டரை ஃபாலோ பண்ற வேலை). மொத்த சம்பளம் 20,500, அதுல பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 13,000. சர்வீஸ் 4 வருஷம் 5 மாசம். அம்மாவுக்கு சி.எம்.சி.ல ரெண்டு மூட்டும் மாத்தணும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை சம்பளமில்லா லீவு கேட்டேன். "அப்படி ஒரு பாலிசியே இல்ல, வேணும்னா பேப்பர் போட்டுட்டுப் போங்க"ன்னுட்டார் ஹெச்.ஆர். என்ன பண்ணலாம்?

காட்பாடி_கணக்கு:
பேப்பர் மட்டும் இப்போ போடாதீங்க. கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தர்ற பணிக்கொடை) 5 வருஷம் ஆகணும். 13,000-ஐ 26-ஆல வகுத்து 15-ஆல பெருக்கினா வருஷத்துக்கு 7,500, அஞ்சுக்கு 37,500. இன்னும் 7 மாசம்தான் பாக்கி. (4 வருஷம் 240 நாளே போதும்னு சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு. அதைக் காட்டி வாங்கறதுக்குள்ள செருப்பு தேஞ்சிடும்.) எழுத்துல அனுமதிச்ச லீவு சர்வீஸ் தொடர்ச்சியை உடைக்காது. சொல்லாம கொள்ளாம நின்னுட்டா கதை வேற: மாதிரி நிலையாணைப்படி (கம்பெனி வேலை விதிகளுக்கு அரசு வச்சிருக்கிற மாதிரி) லீவு முடிஞ்சு 8 நாளுக்குள்ள திரும்பலைன்னா வேலை மேல இருக்கிற உரிமையே போயிடும்.

ஆற்காடு_பேரோல்:
தேதியை மாத்திப் பாருங்க. 21,000-க்குக் கீழே இருக்கறதால நீங்க இ.எஸ்.ஐ.ல (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இருப்பீங்க. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்னு ரெண்டு சந்தா காலம். ஒவ்வொண்ணுலயும் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தாதான் அதுக்கான பலன் காலத்துல நோய்க்கால உதவி கிடைக்கும், அதாவது சம்பளத்துல 70 சதவீதம், 91 நாள் வரைக்கும்.

நீங்க கேட்ட ஜூன்–செப்டம்பர்ல, ஏப்ரலும் மே மாசமும் சேர்ந்தாலே 61 நாள்தான். அதுக்கான பலன் காலமான அடுத்த ஜனவரி–ஜூன்ல நீங்களே படுத்தா ஒரு பைசா வராது. அதே நாலு மாசத்தை ஆகஸ்ட்–நவம்பர்னு வச்சா ஏப்ரல்–ஜூலை ஒரு பக்கம், டிசம்பர்–மார்ச் ஒரு பக்கம், ரெண்டும் 78-ஐ தாண்டிடும். போன அக்டோபர்–மார்ச் சந்தா சரியா இருந்தா டிசம்பர் வரைக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியமும் ஓடும். ஆபரேஷனை ரெண்டு மாசம் தள்ளலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. வலி அதிகம்னா இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், முதல்ல ஆபரேஷன்.

வாலாஜா_நிர்வாகம்:
"நாலு மாசம்"னு மொத்தமா கேட்டா யாருமே இல்லன்னுதான் சொல்வாங்க. ஹெச்.ஆருக்கு பயம் பாலிசி இல்ல, ஷிப்மென்ட். உங்க பையர் ஒவ்வொருத்தரோட வேலையையும் எழுதி, சாம்பிள் ஃபாலோ-அப் யாரு, இன்ஸ்பெக்ஷன் புக்கிங் யாரு, டெஸ்ட் ரிப்போர்ட் யாருன்னு பேர் போட்டு மேனேஜர்கிட்ட முதல்ல போங்க. அவர் சரின்னா ஹெச்.ஆர். பாதி இறங்கிடுவார்.

கடிதத்துல மூணு கட்டமா கேளுங்க: முதல் 6 வாரம் முழு லீவு (இருக்கிற இ.எல்., அதாவது சம்பளத்தோட வர்ற லீவை, இதுலயே கழிங்க), அடுத்த 6 வாரம் வீட்டுல இருந்து மெயில் வேலை மட்டும், மிச்சம் அரைநாள். சாம்பிள் ரூம் வேலையை வீட்டுல இருந்து பண்றேன்னு மட்டும் வாக்கு குடுக்காதீங்க, அங்கதான் எல்லாம் சொதப்பும். டாக்டர் சீட்டை இணைச்சு மெயில்லயே அனுப்புங்க, பதிலும் மெயில்லயே வாங்குங்க. தொழிற்சாலை மஸ்டர்ல (வருகைப் பதிவேடு) உங்க பேர் இருந்தா 20 நாள் வேலைக்கு ஒரு நாள் இ.எல். உண்டு. அடுத்த வருஷத்துக்கு 30 நாள்தான் போகும். ஆனா கேட்டு மறுத்த லீவுக்கு அந்த வரம்பு இல்ல. அதனால மறுக்கறதா இருந்தாலும் எழுத்துல மறுக்கட்டும்.

சிப்காட்_மெர்ச்சு:
ரொம்ப நன்றிங்க. கான்ட்ராக்ட்டா மாத்திக்கோன்னும் ஒரு பேச்சு ஓடுது. அது?

காட்பாடி_கணக்கு:
கம்பெனி ஆளா இல்லாம கன்சல்டன்ட் மாதிரி பில் போடற கான்ட்ராக்ட்னா பி.எஃப்., இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி மூணும் அன்னையோட நிக்கும். 5 வருஷம் முடியறதுக்குள்ள அது வேண்டாம். வேற வழியே இல்லாம ராஜினாமா பண்ணினாலும் பி.எஃப். பணத்தைத் தொடாதீங்க: 5 வருஷத்துக்குள்ள 50,000-க்கு மேல எடுத்தா வரி பிடிப்பாங்க, பென்ஷன் பங்கையும் 10சி ஃபாரம் போட்டு எடுத்துட்டா பென்ஷனுக்கு வேண்டிய 10 வருஷக் கணக்கு மறுபடி பூஜ்யத்துல இருந்து.