அமெரிக்க ராணுவ மருத்துவமனை குடும்ப மருத்துவப் பிரிவு: ஸ்லாட் கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி:
டிரைகேர் பிரைம் (ராணுவத்தினர், அவங்க குடும்பங்களுக்கான மருத்துவத் திட்டம்) விதிப்படி அவசரத் தேவைன்னா 24 மணி நேரத்துக்குள்ள, சாதாரணத் தேவைன்னா 7 நாளுக்குள்ள டாக்டரைப் பார்க்க முடியணும். ரிப்போர்ட்டில் முதல் காலி ஸ்லாட் (டாக்டரைப் பார்க்க ஒதுக்கும் நேரம்) 2 நாளில் இருக்கு. ஆனா போன் பண்றவங்களுக்கு "இப்போ இடமில்லை, நாளைக்குக் கூப்பிடுங்க" என்ற பதில்தான். பலர் வெளியே அர்ஜென்ட் கேர் கிளினிக்குக்குப் போயிடறாங்க. ஒரு டாக்டர் பேரில் பதிவான நோயாளிகள் 1,200 பேர், அவருக்கு நாளுக்கு 18 ஸ்லாட். என்ன தப்பு?

பதில் 1:
முதல் காலி ஸ்லாட்டை நம்பாதீங்க, அது பெரும்பாலும் யாரோ கேன்சல் பண்ணினது. மூன்றாவது காலி ஸ்லாட் எத்தனை நாளில் வருதுன்னு பாருங்க. தினமும் ஒரே நேரத்தில், டாக்டர் வாரியா எடுக்கணும். கிளினிக் சராசரி போட்டா, கூட்டமில்லாத ஒரு டாக்டர் மத்தவங்க நெரிசலை மறைச்சிடுவார்.

பதில் 2:
1,200 பேர் ஒரு சீருடை டாக்டருக்கு (ராணுவத்திலேயே இருக்கும் டாக்டர்) அதிகம். ஆளுக்கு வருஷம் 3 விசிட்னு வெச்சா 3,600 ஸ்லாட் வேணும். 220 வேலை நாளில் பயிற்சி, களப்பணி, ராணுவக் கடமை போக 70% கிடைச்சா 154 நாள். 18-ஆல் பெருக்கினா 2,772. அதாவது 924 பேரைத்தான் தாங்கும். (3, 70% ரெண்டும் உதாரணம், உங்க டேட்டாவைப் போடுங்க.) சீருடை டாக்டருக்கும் சிவிலியன் டாக்டருக்கும் ஒரே எண்ணிக்கையை ஒதுக்குறதுதான் வழக்கமான கோளாறு.

கேட்டவர்:
பதிவு எண்ணிக்கையைக் குறைக்க இப்போ வழியில்லை. வேற?

பதில் 3:
ஸ்லாட் வகைகளைக் குறைங்க. 24 மணி நேரத்துக்குள்ள பார்க்கறது, அதுக்குப் பிந்தைய தேதிக்கானது, ரெண்டே போதும். பிசிக்கலுக்கு (முழு உடல் பரிசோதனை) ஒண்ணு, புதியவருக்கு ஒண்ணுன்னு பூட்டி வெச்சா, ஸ்லாட் காலியா கிடக்கும்போதே இல்லைன்னு சொல்ல வேண்டி வரும். தொண்டை வலி, கர்ப்பமா இல்லையான்னு பார்க்கும் டெஸ்ட் மாதிரியானதை நெறிமுறைப்படி நர்ஸே முடிக்கலாம். மாத்திரை ரீஃபில் போனில் போகட்டும்.

அட்டவணையை எவ்வளவு முன்னாடி திறக்கறீங்க? ஒரு வாரம்தான்னா "நாளைக்குக் கூப்பிடுங்க" தானா வந்துடும். ஆறு மாசம்னா டாக்டர் களப்பணிக்குப் போனதும் மொத்தமா கேன்சல் பண்ணணும். 6 வாரம் திறந்து வெச்சு, டாக்டர்களின் லீவு, பயிற்சித் தேதிகளை அதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க.

கோடை இடமாற்றம்தான் பெரிய அடி. டாக்டரும் மாறுவார், குடும்பங்களும் மாறும், ஆகஸ்டில் ஸ்கூல் பிசிக்கல் வேற. போற டாக்டரின் நோயாளிகளை அவர் கிளம்பறதுக்கு முன்னாடியே பிரிச்சு விடணும். இல்லேன்னா போன் எடுக்கிறவர் யார் அட்டவணையில் போடறதுன்னு தெரியாம நிப்பார்.