தங்கம் தோண்டப் போனவர் எந்தப் பதிவேட்டில் இருப்பார்? (ஜோகன்னஸ்பர்க், 1912க்கு முன்)

தெள்ளாறன்:

வணக்கம். என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் பெயர் முனுசாமி. வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊர். “ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தார், மூட்டை மூட்டையாகச் சம்பாதித்தார், அங்கேயே போய்ச் சேர்ந்தார்” என்பது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. மூட்டைகளில் ஒன்றுகூட ஊர் வந்து சேரவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு வருடமாகத் தேடுகிறேன். சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி இணையத்தில் எதெல்லாம் திறந்ததோ அதையெல்லாம் படித்துவிட்டேன். சீனர்கள் இருக்கிறார்கள், மொசாம்பிக்கிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு முனுசாமியைக்கூடக் காணோம்.

என்னிடம் இருப்பவை மூன்று. 1912இல் பதிவான விடுதலைப் பத்திரம் ஒன்று. பூர்வீக நிலத்தில் தன் பாகத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். அதில் “தற்காலம் திரான்ஸ்வால் ஜொஹானிஸ்பர்க்கில் வாசம்பண்ணும்” என்று இருக்கிறது. இரண்டாவது, கறுப்பு மையில் கட்டைவிரல் ரேகை வைத்த ஆங்கில அச்சுத் தாள். ஆண்டின் கடைசி இலக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. ‘190’ வரைதான் தெரிகிறது. மூன்றாவது, தலைப்பாகையும் கோட்டும் போட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் புகைப்படம்.

அத்தைப் பாட்டிக்கு 93 வயது. அவருக்கு இவர் பெரியப்பா முறை. “பெரியப்பாவை ஒரு தடவை கப்பலில் பிடித்து ஏற்றி அனுப்பிவிட்டார்கள், ஊரில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு மறுபடியும் போய்விட்டார்” என்று தன் அம்மா சொல்வார் என்கிறார். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எந்தச் சுரங்கத்துக்கு எழுதிக் கேட்பது?

மாரிக்குப்பம்:

வட ஆற்காட்டுக்காரர் ‘தங்கம் தோண்டப் போனார்’ என்றால் முதலில் கோலார் தங்கவயலைத்தான் பார்க்க வேண்டும். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வந்த பிறகு உங்கள் பக்கத்திலிருந்து சாரை சாரையாக வந்தார்கள். என் பாட்டனாரும் அப்படி வந்தவர்தான். ஆனால் பத்திரத்திலேயே திரான்ஸ்வால் என்று இருந்தால் எனக்கு இங்கே வேலை இல்லை. வாழ்த்துகள்.

டர்பனில் பத்தாண்டு:

எந்தச் சுரங்கத்துக்கும் எழுதாதீர்கள். நீங்கள் தேடுகிற இடமே தவறு.

ஜோகன்னஸ்பர்க்கில் 1886இல் தங்கம் கிடைத்தது. அந்த ஊரே அதனால் முளைத்ததுதான். ஆனால் அங்கே இந்தியர் தங்கம் தோண்ட முடியாது. ஜோகன்னஸ்பர்க் இருந்த திரான்ஸ்வால் நாட்டின் 1898ஆம் ஆண்டுத் தங்கச் சட்டம், வெள்ளையர் அல்லாதவர் தோண்டும் உரிமம் பெறுவதைத் தடுத்தது. வெள்ளைக்காரரிடம் கூலிக்கு இருந்தால்தான் உண்டு. அந்தக் கூலி வேலைக்கும் ஆப்பிரிக்கர்களையும், 1904 முதல் சில ஆண்டுகள் சீனர்களையும்தான் சேர்த்தார்கள். தங்கத்தால் பெருத்த நகரத்துக்குக் காய்கறி விற்க, துணி வெளுக்க, ஓட்டலில் பரிமாற, சுருட்டுச் சுற்ற ஆள் வேண்டுமே, அங்கேதான் தமிழர்கள் போனார்கள். ஊர் திரும்பி வந்தவர்கள் “தங்க நகரத்தில் இருந்தேன்” என்று சொன்னது, இரண்டு தலைமுறை கழித்து “தங்கச் சுரங்கத்தில் இருந்தேன்” என்று ஆகிவிடும். பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

சரி, ஜோகன்னஸ்பர்க்குக்கு அவர் எப்படிப் போயிருப்பார்? பெரும்பாலும், டர்பன் துறைமுகம் இருந்த பக்கத்து ஆங்கிலேயக் காலனியான நேட்டாலின் கரும்புத் தோட்டம் வழியாக. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் கூட்டத்தை டர்பனில் இறக்கியது. 1911இல் நிறுத்தும்வரை மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். ஒப்பந்தம் முடிந்தவர்களில் துணிந்தவர்கள் தங்க நகரத்துக்கு நடந்தார்கள். 1895இல் டர்பனிலிருந்து ரயில் பாதை முடிந்த பிறகு ரயிலேறினார்கள்.

ஒப்பந்தத்தில் போன ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அங்கே அதைக் ‘கலோனியல் நம்பர்’ என்பார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பது வரை இருக்கும். பட்டியலைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கேளுங்கள். எண் கிடைத்துவிட்டால் மற்ற கதவுகள் தானாகத் திறக்கும்.

பெயரை ‘முனுசாமி’ என்று மட்டும் தேடாதீர்கள். முனிசாமி, மூனுசாமி, மூன்சாமி, முனியசாமி என எல்லாவற்றையும் பாருங்கள். காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாவுக்கு நம் ஊர்ப் பெயரும் ஒன்றுதான், கொட்டாவியும் ஒன்றுதான். வந்தவாசியை ‘வாண்டிவாஷ்’ என்று தேட வேண்டும்.

ஒரு கேள்வி: ரேகை வைத்த தாளின் தலைப்பில் என்ன வார்த்தை இருக்கிறது?

தெள்ளாறன்:

மிக்க நன்றி ஐயா. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ‘பெர்மிட்’ என்று தெளிவாக இருக்கிறது. ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்ற வார்த்தை எங்கும் இல்லை.

டர்பனில் பத்தாண்டு:

அப்படியானால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

1899 அக்டோபரில் ஆங்கிலேயருக்கும், திரான்ஸ்வாலை ஆண்ட டச்சு வம்சாவளிப் போயர்களுக்கும் இடையே போயர் யுத்தம் தொடங்கியதும் அங்கிருந்த இந்தியர் பெரும்பாலோர் நேட்டாலுக்கும் கேப் காலனிக்கும் ஓடினார்கள். 1902இல் யுத்தம் முடிந்து ஆங்கிலேயர் கைக்கு நாடு வந்த பிறகு, திரும்பி உள்ளே போக அனுமதித் தாள் வேண்டும் என்றார்கள். யுத்தத்துக்கு முன்பே அங்கே குடியிருந்தவன் என்று காட்டினால்தான் பெரும்பாலும் அது கிடைக்கும். ரேகை வைத்த பெர்மிட் என்றால் அந்தக் காலத்தது. 1903ஐ ஒட்டி இருக்கலாம். இந்தியர்கள் ரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற, காந்தி எதிர்த்த கறுப்புச் சட்டம் 1907இல் வந்தது. அதன் பின்னால் வந்தவை பதிவுச் சான்றிதழ்கள். தலைப்பே வேறாக இருக்கும்.

கணக்குப் போடுங்கள். 1899 அக்டோபருக்கு முன் ஜோகன்னஸ்பர்க்கில் குடியிருந்தார். அதற்கு முன் ஐந்து வருட ஒப்பந்தம். ஆகவே 1894ஐத் தாண்டிய கப்பல் எதுவும் வேண்டாம். 1866க்கும் 1874க்கும் இடையில் ஆள் ஏற்றுவதே நின்றிருந்தது. அதற்கு முன் போயிருக்க அவர் பிறந்திருக்கவே மாட்டார். இருபது வருடக் கப்பல்கள்தான் மிச்சம்.

அத்தைப் பாட்டி சொன்னதை ஒதுக்காதீர்கள். ‘பிடித்து ஏற்றி அனுப்பிவிட்டார்கள்’ என்பது அப்படியே உண்மையாக இருக்கலாம். பதிவு செய்ய மறுத்துச் சிறை போன சத்தியாக்கிரகிகளை 1909–10இல் திரான்ஸ்வால் அரசு கப்பலேற்றி இந்தியாவுக்கு நாடு கடத்தியது. அவர்களில் தமிழர்களே அதிகம். சென்னையில் இறங்கியவர்களுக்குப் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் சோறும் துணியும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். பலர் அதே வருடம் மறுபடி கப்பலேறினார்கள். இறங்க விடாமல் துறைமுகம் துறைமுகமாக அலைக்கழித்ததில் நாராயணசாமி என்பவர் 1910 அக்டோபரில் மொசாம்பிக்கின் டெலகோவா விரிகுடாவில் இறந்தே போனார்.

சிறை போனவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள் பற்றிய செய்திகள் காந்தி அங்கே நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் வாரா வாரம் வந்தன. காந்தி ஹெரிடேஜ் போர்ட்டலில் பழைய இதழ்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. 1908 முதல் 1910 வரை உட்கார்ந்து புரட்டுங்கள்.

கந்தர்வகோட்டை:

குறுக்கே புகுவதற்கு மன்னிக்கவும். பெர்மிட்டைப் பத்திரமாக வைத்திருந்தவர் எப்படிச் சத்தியாக்கிரகி ஆவார்? 1908 ஆகஸ்டு 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி வாசலில் இரண்டாயிரத்துக்கும் மேல் சான்றிதழ்களை எரித்தார்கள் அல்லவா?

டர்பனில் பத்தாண்டு:

நல்ல கேள்வி. அன்று எரிந்தவை முக்கியமாக அந்த வருடத் தொடக்கத்தில் காந்திக்கும் அரசுக்கும் ஏற்பட்ட சமரசத்தின் பேரில் தாமாக முன்வந்து வாங்கிய புதுச் சான்றிதழ்கள். பழைய பெர்மிட் பெட்டியில் தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. இது என் ஊகம்தான். பெயரை அச்சில் பார்க்கும்வரை அவரைத் தியாகி ஆக்க வேண்டாம்.

பழைய பத்திரம்:

நான் பதிவுத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, கப்பலைத் தேடும் முன் கையிலிருக்கும் பத்திரத்தை முழுதாகப் படித்தீர்களா? எல்லோரும் சொத்து விவரத்தைப் படித்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள்.

அவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே பத்திரம் பதிவானது என்றால், யாரோ முக்தியார், அதாவது அவர் சார்பில் செயல்படும் அதிகாரம், பெற்றுக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வெளிநாட்டில் எழுதிய முக்தியார்நாமா நோட்டரியோ மாஜிஸ்ட்ரேட்டோ பார்த்து அத்தாட்சி செய்ததாக இருக்க வேண்டும் என்பது 1908 பதிவுச் சட்டம். பத்திரத்தின் பின்பக்கத்தில் சார்பதிவாளர் எழுதிய குறிப்பைப் பாருங்கள். யார் முன்னால், எந்தத் தேதியில் என்று இருக்கலாம். எழுத்து மங்கியிருந்தால் அலுவலகத்தில், நிலப் பத்திரங்களை நகலெடுத்து வைக்கும் 1ஆம் புத்தகத்தின் நகலுக்கு மனுப் போடுங்கள். பெயர் அட்டவணையும் கிராம அட்டவணையும் தனித்தனியாக உண்டு. கிராமத்தை வைத்துத் தேடுவதே சுலபம்.

இன்னொன்று. அந்தக் காலப் பத்திரத்தில் ஆள் விவரத்தில் தகப்பன் பெயரை அடுத்து ‘இன்ன ஜீவனம்’ என்று தொழில் எழுதாமல் விட மாட்டார்கள். முனுசாமிக்கு என்ன ஜீவனம் என்று போட்டிருக்கிறது?

தெள்ளாறன்:

ஐயா, வெட்கமாக இருக்கிறது. முதல் பக்கம் மூன்றாவது வரி. “வியாபார ஜீவனம்.” எத்தனையோ தடவை கையில் எடுத்த பத்திரம்.

பின்பக்கத்தில் 1911 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் நோட்டரி ஒருவர் முன் எழுதிக்கொடுத்த முக்தியார்நாமா என்று இருக்கிறது. வசிப்பிடம் ‘பிரீடடார்ப்’ என்பது போல ஒரு பெயர்.

டர்பனில் பத்தாண்டு:

ஃப்ரேடடோர்ப். ஜோகன்னஸ்பர்க்கின் மேற்குப் பக்கம். 1904இல் பிளேக் வந்தபோது நகரசபை பழைய இந்தியர் குடியிருப்பைத் தீ வைத்தே அழித்தது. பிறகு பலர் ஃப்ரேடடோர்ப், அதை ஒட்டிய மலாய் லொக்கேஷன் என்று சிதறினார்கள்.

தெள்ளாறன் (ஏழு வாரம் கழித்து):

கப்பல் பட்டியலிலிருந்து பதில் வந்துவிட்டது. 1894க்கு முன் வந்தவாசித் தாலுகாவிலிருந்து முனுசாமி என்று படிக்கக்கூடிய பெயர்கள் நான்கு. இருவருக்கு எதிரே ‘இந்தியா திரும்பினார்’ என்று குறிப்பு. ஒருவருக்கு வயது 41. மிச்சம் ஒருவர்: 1889ஆம் ஆண்டுக் கப்பல், வயது 19, தகப்பன் பெயர் எங்கள் பத்திரத்தில் உள்ளதே. கிராமத்தின் பெயரை மட்டும் சிதைத்து வைத்திருக்கிறார்கள். வாய்விட்டுச் சொன்னால் எங்கள் ஊர். உயரம், பெர்மிட்டில் உள்ளதைவிட ஒன்றரை அங்குலம் குறைவு.

சாதி இருக்கும் இடத்தில் எங்களுடையது இல்லை, வேறு ஒன்று இருக்கிறது. இது இடிக்கிறதே?

டர்பனில் பத்தாண்டு:

இடிக்கவில்லை. 19 வயதுப் பையன் ஒன்றரை அங்குலம் வளர்வான். சாதிக் கட்டத்தை நம்பி யாரையும் சேர்க்கவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். கப்பலேறும் முன் தங்க வைத்த டிப்போவில், ஆள் பிடிக்கும் ஏஜெண்டு சொல்லிக்கொடுத்ததைச் சொன்னவர்கள் உண்டு. தானாகவே மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. தகப்பன் பெயர், தாலுகா, கிராமம் மூன்றும் பொருந்தினால் அவர்தான்.

தெள்ளாறன்:

‘இந்தியன் ஒப்பீனியன்’ பாதி புரட்டியிருக்கிறேன். சிறை போனவர்களில் முனுசாமி ஒருவர் இல்லை, வண்டி வண்டியாக இருக்கிறார்கள்! எவர் எங்களுடையவர் என்று சொல்ல வழியில்லை. இறப்பைப் பற்றி எங்கே கேட்பது?

டர்பனில் பத்தாண்டு:

தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இணையத்தில் ஒரு தேடல் பட்டியல் இருக்கிறது. திரான்ஸ்வால் கோப்புகள் பிரிட்டோரியாவில் உள்ளன. இறந்தவரின் சொத்துக் கோப்பு இருந்தால் அதற்குள் இறப்பு அறிவிப்புத் தாள் ஒன்று இருக்கும். பிறந்த ஊர், பெற்றோர், மனைவி, பிள்ளைகள் எல்லாம் அதில் வரும். அங்கே மனைவி மக்கள் இருந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பிள்ளைகள் தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொள்வது அங்கே வழக்கம். தென்னாப்பிரிக்காவில் ‘மூன்சாமி’ இன்று ஒரு குடும்பப் பெயர். ஒப்பந்தக் கோப்புகளுக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்துக்கு எழுதுங்கள். கலோனியல் நம்பரை முதல் வரியிலேயே போடுங்கள்.

பழைய பத்திரம்:

சொத்துக் கோப்பு கிடைத்தால் அந்தக் கையெழுத்தையோ ரேகையையோ பெர்மிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள் தம்பி. காகிதத்தைத் தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள்.

தெள்ளாறன்:

இரண்டு இடத்துக்கும் எழுதிவிட்டேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.

அத்தைப் பாட்டியிடம் விவரமெல்லாம் சொன்னேன். கப்பல் எண், கரும்புத் தோட்டம், பெர்மிட், சிறை போயிருக்கலாம் என்பது வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் “அப்போது சுரங்கம்?” என்றார். இல்லை பாட்டி, வியாபாரம், அனேகமாகக் காய்கறியாக இருக்கும் என்றேன். “கத்தரிக்காய் விற்கவா அவ்வளவு தூரம் போனார்? அதை இந்த வந்தவாசிச் சந்தையிலேயே விற்றிருக்கலாமே” என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டார்.