பதின்மூன்று வயதுப் பையனைக் கேள்வித்தாளை வைத்துத் தேர்ந்தெடுக்கலாமா?

பத்தாம் நம்பர்:
கால்பந்தில் பையன்களைச் சேர்க்கும்போது இன்னமும் உயரம், ஓட்டம், உதை இந்த மூன்றைத்தான் பார்க்கிறார்கள். தலைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. 2025-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு ஆய்வு வந்தது. பிரேசிலிலும் ஸ்வீடனிலும் உயர்மட்டத்தில் ஆடுகிற 204 பேரையும் சாதாரண மக்கள் 124 பேரையும் உட்கார வைத்து, திட்டமிடும் திறன், நினைவாற்றல், சூழ்நிலைக்கு ஏற்ப யோசனையைச் சட்டென்று மாற்றிக்கொள்ளும் திறன், அதோடு குணநலன் எல்லாவற்றையும் அளந்திருக்கிறார்கள். ஆட்டக்காரர்களுக்குத் திறன்களில் மதிப்பெண் அதிகம். குணத்தில் பொறுப்புணர்வும் புதியதை ஏற்கும் மனமும் தூக்கல், பதற்றம் குறைவு, விட்டுக்கொடுத்துப் போகும் இயல்பும் குறைவு. இதை வைத்தே ஒரு கணினி நிரல் யார் ஆட்டக்காரர், யார் இல்லை என்று 97 சதவீதம் சரியாகப் பிரித்துவிட்டது. அகாடமிகளில் பதின்மூன்று வயதிலேயே இந்தச் சோதனையை வைக்க வேண்டும் என்கிறேன். குள்ளமாக, ஒல்லியாக இருக்கிறான் என்று திருப்பி அனுப்பப்படும் பையன்களுக்கு இதுதான் நியாயம்.

எண்ணிப்பார்:
நண்பரே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் அந்த 97 சதவீதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஏற்கெனவே உச்சத்துக்கு வந்துவிட்டவர்களையும் கால்பந்தை வேலையாகக் கொள்ளாதவர்களையும் பிரித்த கணக்கு அது. நாளைக்கு யார் வருவார்கள் என்று சொன்ன கணக்கு இல்லை. அதே துல்லியம் சின்னப் பையன்களிடமும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், ஆயிரம் பேரில் ஒருவன்தான் உண்மையில் மேலே வரப்போகிறான் என்றும் வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மூன்று பிழை என்றால், வரப்போகாத 999 பேரில் முப்பது பேரை "இவனும் வருவான்" என்று சோதனை சொல்லும். உண்மையான ஒருவன் அந்த முப்பது பேர் கூட்டத்தில் நிற்பான், அதிர்ஷ்டம் இல்லையென்றால் அவனே வெளியே நிற்பான்.

இதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று. பதினைந்து வருடம் தினமும் பயிற்சிக்குப் போய், அடிபட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, திரும்ப எழுந்து வந்தவனுக்குப் பொறுப்புணர்வு கூடியிருப்பதில் என்ன ஆச்சரியம்? குணம் ஆட்டத்தைத் தந்ததா, ஆட்டம் குணத்தைத் தந்ததா என்று ஒரே ஒரு தடவை அளந்து எப்படிச் சொல்வீர்கள்?

பத்தாம் நம்பர்:
நியாயமான கேள்விதான். ஆனால் நான் சொன்ன ஆய்வைச் செய்த ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆட்கள் 2012-இல் வேறொன்றும் செய்தார்கள். ஒரு கட்டத்துக்குள் புள்ளிகள் இருக்கும். நான்கே நான்கு கோடுகளால் அவற்றை இணைத்து, ஒரு நிமிடத்துக்குள் முடிந்த அளவு வெவ்வேறு உருவங்கள் வரைய வேண்டும். வரைந்ததையே திரும்ப வரைந்தால் மதிப்பெண் கிடையாது. கை ஓடிக்கொண்டே இருக்கும், ஏற்கெனவே என்னென்ன போட்டோம் என்பதையும் மனம் பிடித்து வைத்திருக்க வேண்டும், விதியையும் மீறக்கூடாது. ஸ்வீடனின் முதல்நிலை லீக்கில் ஆடியவர்கள் கீழ்நிலை லீக்கில் ஆடியவர்களைவிட இதில் மேலே இருந்தார்கள். அதோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு வந்த சீசன்களில் போட்ட கோல், கொடுத்த அசிஸ்ட் (அடுத்தவர் கோல் போடக் கொடுத்த பந்து) கணக்கும் இந்த மதிப்பெண்ணோடு ஒத்துப்போனது. முதலில் அளந்து பிறகு பார்த்தது இது.

ஜெர்மனியின் தாமஸ் முல்லரைப் பாருங்கள். வேகம் கிடையாது, உடம்பு கிடையாது, பந்தைக் காலில் ஒட்டிவைக்கும் வித்தையும் கிடையாது. 2010, 2014 இரண்டு உலகக்கோப்பையிலும் ஐந்தைந்து கோல். தன்னைப் பற்றிக் கேட்டபோது "நான் இடத்தைப் படிப்பவன்" என்கிற பொருளில் ஒரு ஜெர்மன் சொல்லைச் சொன்னார். அந்தப் படிப்பை எந்த ஸ்டாப்வாட்ச் அளக்கும்?

எண்ணிப்பார்:
2012 ஆய்வில் இருந்தவர்கள் சொற்பம், அதுவும் ஏற்கெனவே லீக்கில் ஆடிக்கொண்டிருந்த பெரியவர்கள். ஜெர்மனியில் ஹோஃபன்ஹைம் கிளப்பின் இளையோர் அணிகளில் இதே வகைத் திறன்களை அளந்து பார்த்தார்கள். வயது ஏற ஏற மதிப்பெண்ணும் ஏறுகிறது. அப்படியென்றால் ஒரே வருடத்தில் ஜனவரியில் பிறந்த பதின்மூன்று வயதுக்காரனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே நாளில் இந்தச் சோதனையை எழுதினால் யாருக்குச் சாதகம்? உயரத்தில் நடக்கும் அதே அநியாயம் மூளையின் பெயரால் திரும்ப நடக்கும். நீங்கள் காப்பாற்ற நினைக்கும் குள்ளப் பையன் பெரும்பாலும் வருடக் கடைசியில் பிறந்தவன்தான்!

பிரேசில், ஸ்வீடன் என்று சொன்னதும் எனக்கு 1958 ஞாபகம் வருகிறது. ஸ்வீடனில் நடந்த அந்த உலகக்கோப்பைக்கு பிரேசில் அணி ஜோவாவ் கார்வல்யாயிஸ் என்ற உளவியலாளரைக் கூட்டிப் போனது. வீரர்களைப் படம் வரைய வைத்து, கேள்வி கேட்டு, அவர் கொடுத்த முடிவு இது: பெலே இன்னும் குழந்தைத்தனமானவர், போராடும் குணம் இல்லை, கரிஞ்சாவிடம் பொறுப்பு இல்லை, இருவரையும் இறக்க வேண்டாம். பயிற்சியாளர் விசென்டி ஃபியோலா அதைக் கேட்கவில்லை. ஜூன் 15 அன்று கோதன்பர்க்கில் சோவியத் யூனியனுக்கு எதிராக இருவரையும் இறக்கினார். ஆட்டம் தொடங்கியதும் கரிஞ்சா வலது ஓரத்தில் பந்தை வாங்கி, எதிரே வந்தவரைச் சாய்த்துவிட்டு அடித்தது கோல் கம்பத்தில் பட்டது. அடுத்து பெலே அடித்ததும் கம்பத்தில். மூன்றாவது நிமிடத்தில் வாவா கோல் போட்டார். இரண்டு வாரம் கழித்து இறுதியாட்டத்தில் அதே ஸ்வீடனை 5–2. பெலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து இறங்கிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே இல்லை.

பத்தாம் நம்பர்:
1958-இல் வைத்த சோதனையும் இன்றைக்கு வைப்பதும் ஒன்றா? அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்கு மருத்துவமும்தான் தப்பாகச் சொன்னது, அதற்காக மருத்துவமே வேண்டாம் என்போமா? இன்னொன்று, கரிஞ்சாவின் குடியும் சீரழிவும் 49 வயதில் வந்த சாவும் எல்லோருக்கும் தெரியும். பொறுப்பு இல்லை என்று சொன்ன அந்த மனிதர் முழுக்கத் தப்பாகச் சொன்னாரா?

எண்ணிப்பார்:
வாழ்க்கையைப் பற்றிச் சரியாகச் சொல்லியிருக்கலாம். ஆட்டத்தைப் பற்றித் தப்பாகச் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் 1962-இல், பெலே காயம்பட்டு வெளியே உட்கார்ந்த பிறகு கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்த ஆளே அணியில் இருந்திருக்க மாட்டார். குணம் அளக்கிற கேள்வித்தாளில் இன்னொரு தொல்லையும் உண்டு. பதில் எழுதுவது அந்தப் பையனேதான். "நீ எடுத்த வேலையை முடிப்பாயா" என்று கேட்டால், இடம் வேண்டும் என்று நிற்கிற பிள்ளை என்ன எழுதுவான்? அடுத்த வருடமே அதற்கும் ஒரு டியூஷன் வந்துவிடும்.

டச்லைன்:
இரண்டு பேர் பேச்சையும் படித்தேன். நான் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், பெரிய அகாடமி எல்லாம் இல்லை. பத்தாம் நம்பர் தம்பி சொல்கிற 'தலைக்குள் இருப்பது' உண்மை. ஆனால் அது காகிதத்தில் தெரிவதைவிட மைதானத்தில் நன்றாகத் தெரியும். நார்வேயின் ஆய்வாளர் கெயிர் யோர்டெட் வருடக்கணக்கில் வீடியோ போட்டுப் பார்த்தது இதைத்தான்: பந்து வருவதற்கு முந்தைய சில வினாடிகளில் ஒருவன் எத்தனை தடவை தலையைத் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்க்கிறான். இங்கிலாந்தின் ஃபிராங்க் லம்பார்ட் வினாடிக்கு 0.6 தடவைக்கு மேல் பார்த்தார் என்பது யோர்டெட்டின் கணக்கு. ஸ்பெயினின் ஷாவி ஆடிய ஆட்டத்தைப் பந்தை விட்டுவிட்டு அவர் கழுத்தை மட்டும் பார்த்தால் தெரியும். இடது தோள், வலது தோள், திரும்ப இடது, பந்து காலுக்கு வரும்போது அடுத்து யாருக்கு என்பது முடிவாகியிருக்கும்.

போன வருடம் என்னிடம் ஒரு பையன் வந்தான். ஓட்டப்பந்தயத்தில் கடைசி. முதல் இரண்டு வாரம் நானே அவனைக் கணக்கில் எடுக்கவில்லை, என் தப்பு. ஒரு பயிற்சி வைப்பேன்: பந்து வாங்குபவனுக்குப் பின்னால் நின்று ஒரு வண்ண பிப்பை (பயிற்சியில் சட்டைக்கு மேல் போடும் மேலங்கியை) தூக்கிக் காட்டுவேன், பந்தைத் தொடும் முன் அவன் அந்த நிறத்தைச் சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகள் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவன் முதல் நாளே பத்துக்கு ஏழு சொன்னான். மூன்று மாதத்தில் மற்றவர்களும் ஆறு, ஏழு சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போது நான் அளந்தது திறமையையா, பழக்கத்தையா? முதல் நாள் மதிப்பெண்ணைப் பார்த்து மற்றவர்களை அனுப்பியிருந்தால்?

பத்தாம் நம்பர்:
அண்ணா, அந்த மூன்று மாதம்தான் எனக்குப் பதில் சொல்கிறது. வாசலில் நிறுத்தி வைக்கும் சோதனையாக வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கண்ணில் பட்டதால் அந்தப் பையன் தப்பினான். கண்ணில் படாத ஊரில் அவன் வீட்டுக்குப் போயிருப்பான். சேர்ந்த பிறகு வருடத்துக்கு இரண்டு முறை அளந்து, யாருக்கு எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பார்க்க மட்டும் வைத்துக்கொண்டால்?

எண்ணிப்பார்:
அதற்கு நான் தடை சொல்ல மாட்டேன், ஒரே ஒரு நிபந்தனை. அந்தத் தாளைத் தேர்வுக்குழுவிடம் காட்டக்கூடாது. பயிற்சியாளரும் பிள்ளையும் மட்டும் பார்க்கட்டும்.

டச்லைன்:
அந்தப் பையன் இப்போது நடுக்களத்தில் ஆடுகிறான். ஓட்டத்தில் இன்னும் கடைசிதான்.